ஒரு சொல், 430 பொருள்

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலான சிறுசொல் ஒன்று உண்டு. ‘செட்’ என்பது அது. ஆங்கிலம் ஒரு வரியும் படித்தறியாத தமிழனும் அச்சொல்லை அறிவான். கிணற்றடியில் நீரிறைக்கும் பொறியை உழவன் ‘பம்புசெட்டு’ என்கின்றான். ஊர் விழாவில் ‘மைக்செட்டு’ முழங்குகின்றது. திருமண ஊர்வலத்தின் முன்னே ‘பேண்டுசெட்டு’ செல்கின்றது. உண்டிச்சாலையில் ‘செட் தோசை’ கேட்கின்றனர். திரைப்படத்துக்குச் ‘செட்’ போடுகின்றனர். சீட்டாடுவோர் ‘செட்’ சேர்க்கின்றனர். சுவர்ப்பூச்சு இன்னும் ‘செட்டாகவில்லை’ என்கின்றார் கொத்தனார். மாமியார்க்கும் மருமகட்கும் ‘செட்டாகவில்லை’ என்கின்றனர் அண்டை வீட்டார்.

இத்துணை இடத்திலும் புகுந்துள்ள இச்சொல் எங்குப் பிறந்தது? தன் சொந்த நாட்டில் எவ்வாறு வளர்ந்தது? தமிழ்நாட்டிற்குள் வந்து என்ன செய்துகொண்டிருக்கின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

அகரமுதலி காட்டும் அளவு

ஒரு மொழியின் அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதுவது எளிது. எளிய சொற்களுக்குப் பொருள் எழுதுவதே அரிது. இவ்வுண்மையை ஆங்கில அகரமுதலி ஆசிரியர் அனைவரும் பட்டறிந்துள்ளனர். சாமுவேல் சான்சன் 1755ஆம் ஆண்டில் தம் பேரகரமுதலியை வெளியிட்டார். அதன் முன்னுரையில், பெறுதல், கொடுத்தல், போதல், ஓடுதல், எறிதல், திரும்புதல் போலும் பொருள்களைத் தரும் அன்றாட வினைச்சொற்கள் எல்லை காணவியலாதபடி விரிந்து கிடப்பதைக் குறிப்பிட்டார். அவர் தந்த பட்டியலில் ‘செட்’டும் ஒன்று.

பின்னர் வந்தது ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி. அதன் ஆசிரியப் பொறுப்பைச் சேம்சு மரே 1879இல் ஏற்றார். முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. இறுதிப்பகுதி 1928இல்தான் முடிந்தது. தாம் தொடங்கிய பணியின் முடிவைக் காணாமலே மரே 1915இல் மறைந்தார். ‘செட்’ அடங்கிய பகுதியைத் தொகுத்தவர் அவருடன் பணியாற்றிய என்றி பிராட்லி என்பார். அவ்வகரமுதலியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 மடலங்களாக வெளிவந்தது. அதில் ‘செட்’ என்னும் வினைக்கு 430 பொருள்கள் வகுக்கப்பெற்றிருந்தன. அவ்வொரு சொல்லின் விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்களால் ஆயது; அப்பதிப்பிலேயே மிக நீண்ட விளக்கம் அதுதான். இருநூறு பக்க நூலொன்றை அதைக்கொண்டே அச்சிட்டுவிடலாம்.

அம்முதலிடமும் நிலைக்கவில்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணியின்போது, ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் வினைக்கு 645 பொருள்கள் வகுக்கப்பெற்ற செய்தி 2011இல் வெளிவந்தது. அதனைச் செய்து முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்னும் அகரமுதலியாளர்க்கு ஒன்பது மாதம் ஆயிற்று. பொறிகள் பெருகியதால் ‘ஓடுவன’ பெருகின. ஓடுவன பெருகவே ‘ஓடு’ என்னும் சொல்லின் பொருளும் பெருகிற்று. வாழ்க்கை விரிய விரியச் சொல்லும் விரியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சொல்லின் பிறப்பு

‘செட்’டின் வேர் தியூத்தானிய மொழிக்குடும்பத்தது. ‘சிட்’ என்பது இருத்தல், அதாவது அமர்தல். ‘செட்’ என்பது இருத்துதல், அதாவது அமரச்செய்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பண்டைத் தியூத்தானிய மொழியில் தன்வினையைப் பிறவினையாக்கும் ஈறு ஒன்று இருந்தது. அது சேர்ந்தபோது சொல்லினுள்ளிருந்த உயிரொலி திரிந்தது. காலப்போக்கில் ஈறு தேய்ந்து மறைந்தது. உயிர்த்திரிபு மட்டும் எஞ்சிற்று.

இதனைத் தமிழர் உணர்வது மிக எளிது. தமிழில் வீழ், வீழ்த்து, கிட, கிடத்து, இரு, இருத்து என்று இணையிணையாக வினைகள் வரும். ஆங்கிலத்திலும் அவ்வாறே ‘பால்’, ‘பெல்’, ‘லை’, ‘லே’, ‘சிட்’, ‘செட்’ என்று இணையிணையாக வரும். வேறுபாடு ஒன்றே. தமிழன் ஈற்றைக் காத்துக்கொண்டான். ஆதலின் இரு என்பதினின்று இருத்து பிறந்த வழி சிறுவனுக்கும் விளங்கும். ஆங்கிலேயன் ஈற்றை இழந்தான். ஆதலின் ‘சிட்’டும் ‘செட்’டும் தாயும் மகளும் என்பது கற்றறிந்தார்க்கே விளங்கும்.

இனி, கூட்டம், தொகுதி என்னும் பொருளுடைய ‘செட்’ வேறு பிறப்பினது. இலத்தீனில் பின்பற்றுதலைக் குறித்த வினையினின்று, ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறிக்கும் ‘செக்தா’ என்னும் பெயர் தோன்றிற்று. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து, தேய்ந்து, ‘செட்’ என்றாயிற்று. தமிழில் நீரோடும் ஆறும் எண்ணாகிய ஆறும் ஒலியால் ஒன்றாகிப் பிறப்பால் வேறானவை அல்லவா? அது போன்றதே இதுவும். ஆயின், ஒலி ஒன்றாயிருந்தமையால் ஒன்றன் பொருள் மற்றொன்றன் மேலும் படிந்துவிட்டது. சேர்த்து இருத்தப்பட்டதே தொகுதி என்று ஆங்கில மக்கள் கருதலாயினர்.

ஒரு வேர், பல கிளை

இருத்துதல் என்னும் ஒரே கருத்தினின்று இத்தனை பொருளும் கிளைத்த வகையைக் காண்பது இன்பம் தருவது.

ஒன்றை ஓரிடத்தில் இருத்தினால் அது வைத்தல். ஆகவே உண்கலங்களை வைப்பதும் ‘செட்’. பொறி வைப்பதும் ‘செட்’. கோழியை அடைவைப்பதும் ‘செட்’. நாற்றை நடுவதும் ‘செட்’. உரிய இடத்தில் பொருந்த இருத்தினால் அது பதித்தல். ஆகவே மோதிரத்தில் மணி பதிப்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், அச்சகத்தில் எழுத்துக் கோப்பதும், பாட்டுக்குப் பண்ணமைப்பதும் ‘செட்’. அசையாமல் இருத்தினால் அது நிலைப்படுத்தல். ஆகவே விலை வரைவதும், நாள் குறிப்பதும், தேர்வுக்கு வினா எடுப்பதும் ‘செட்’. குழைவாயிருந்தது அசையாநிலை எய்தினால் அது இறுகுதல். ஆகவே காரை இறுகுவதும், பாகு உறைவதும் ‘செட்’. பூ உதிராமல் நின்று பிஞ்சு பிடிப்பதும் ‘செட்’. அமர்தல் கருத்தினின்றே ஞாயிறு மறைவதற்கும் அச்சொல் ஆயிற்று.

இனி, இச்சொல்லின் பின்னே ஒட்டிவரும் சிறுசொற்களைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு முன்னொட்டுகள் பல இருந்தன. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் அவற்றுட் பெரும்பாலன வழக்கிறந்தன. சூழ்ந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘பெசெட்’ போல ஒருசிலவே எஞ்சின. அவ்விழப்பை ஈடுசெய்யவே, மேல், கீழ், உள், வெளி, அப்பால் போலும் சிறுசொற்கள் வினைக்குப் பின்னே வந்து நிற்கலாயின. ‘செட் அப்’ என்றால் நிறுவுதல். ‘செட் இன்’ என்றால் மழையோ குளிரோ பிடித்துக்கொள்ளுதல். ‘செட் அவுட்’ என்றால் புறப்படுதல். அசையாமல் இருத்துதலைக் குறித்த சொல்லே புறப்பட்டுப் போதலையும் குறிக்கின்றது காண்க!

‘செட் ஆப்’ என்பது இன்னும் வியப்பானது. வழிக்கொள்வதும் அதுவே, வெடியை வெடிக்கச் செய்வதும் அதுவே, கடனுக்குக் கடனைக் கழித்துக்கொள்வதும் அதுவே, ஒன்றன் அழகை மற்றொன்று எடுத்துக்காட்டுவதும் அதுவே. ‘செட் அசைடு’ என்பதோ, பணத்தைப் பற்றி வந்தால் போற்றி ஒதுக்கிவைத்தல். வழக்குமன்றத் தீர்ப்பைப் பற்றி வந்தால் செல்லாதெனத் தள்ளுதல். கவிழ்த்தலையும் மனம் நைதலையும் குறிக்கும் ‘அப்செட்’ என்பதற்குப் பழம்பொருள் எழுப்பி நிறுத்துதல். அப்பொருளின் எச்சமாகவே ஏலத்தில் முதலில் நிறுத்தும் குறைந்தளவு விலையை இன்றும் ‘அப்செட் விலை’ என்கின்றனர்.

தமிழிலும் உண்டு

இவற்றைக் கேட்டு, ‘ஒரு சொல்லுக்கு 430 பொருளா! என்ன குழப்பமான மொழி!’ என்று எவரும் எள்ளிவிட வேண்டா. பலபொருள் ஒருசொல் என்பது உயிருள்ள எல்லா மொழிக்கும் இயல்பு. தொல்காப்பியர் இதனை இலக்கணமாகவே வகுத்தார். பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனொடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது அவர் காட்டிய நெறி. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. மேலே கண்ட ‘செட்’டின் பொருள்களை ஆங்கிலச் சிறுவன் குழப்பமின்றிப் பிரித்தறிவதும் இந்நெறியாலேதான். திவாகரமும் பிங்கலந்தையும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கெனத் தனித்தொகுதியே கொண்டுள்ளன.

‘படு’ என்னும் ஒரு வினையை எண்ணிப் பாருங்கள். குழந்தை பாயிற் படுத்தது. கல் தலையிற் பட்டது. அவன் கண்ணிற் பட்டான். வெயிலில் நின்று பாடுபட்டான். மரம் பட்டுப்போயிற்று. மறவன் போரிற் பட்டான். செய்யுள் பாடப்பட்டது. ஞாயிறு பட்டது. எல் படும் பொழுதை ‘எற்பாடு’ என்றனர் முன்னோர். ஆங்கிலேயன் மாலை ஞாயிற்றை அமர வைத்தான். தமிழன் படுக்க வைத்தான். அவரவர் மண்ணும் வானும் மரபும் அவரவர் சொல்லை வளர்த்தன. ஆகவே ‘செட்’டின் 430 பொருளும் ஆங்கில மக்களின் செல்வம். அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

இங்கு வந்து செய்வது என்ன?

குறை, கடன் வாங்கியவன் பக்கமே உள்ளது. ஆங்கிலேயனிடம் அச்சொல் தன் சுற்றத்தோடு வாழ்கின்றது. முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் அதன் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. தமிழனிடம் அது சுற்றம் ஏதுமின்றித் தனியே வந்தது. வந்து இரண்டே துணைவினைகளைப் பற்றிக்கொண்டது. ஒன்று ‘ஆகு’, மற்றொன்று ‘பண்ணு’. செட்டாகு, செட் பண்ணு என்பவற்றுக்குமேல் அதற்கு வடிவில்லை. பூச்சு செட்டாயிற்று, தயிர் செட்டாயிற்று, புதுவேலை செட்டாயிற்று, அவர்களுக்குள் செட்டாயிற்று. மணியைச் செட் பண்ணு. வண்டியைச் செட் பண்ணு. ஆளைச் செட் பண்ணு. ஆங்கிலத்தில் நானூறு வேறுபாட்டைக் காட்டும் சொல், தமிழில் வந்து எல்லா வேறுபாட்டையும் அழிக்கும் சொல்லாகிவிட்டது.

அழிந்தவை எவை? காரை இறுகும், பால் உறையும், மண் கெட்டிப்படும், பாகு பதப்படும். பூ பிஞ்சு பிடிக்கும், மழை பிடித்துக்கொள்ளும். கல் பதிக்கப்படும், எழுத்துக் கோக்கப்படும், விதை ஊன்றப்படும், நாற்று நடப்படும், கோழி அடைவைக்கப்படும். உள்ளம் ஒத்துப்போகும், உடை பொருந்தும், வேலை கைவரும். இவற்றுள் ஒவ்வொரு சொல்லும் ஒரு தொழிலின் நுண்ணறிவைச் சுமந்து நிற்பது. உறைதல் வேறு, இறுகுதல் வேறு. பாலில் உறையூற்றியவன் கண்டது உறைதல். சுண்ணாம்புக் காரை பூசியவன் கண்டது இறுகுதல். இரண்டையும் ‘செட்டாதல்’ என்று சொல்லப் பழகிய நாவுக்கு அவ்விரண்டு காட்சியும் ஒன்றாகிவிடும். சொல் மறைந்தால் அதனோடு ஓர் அறிவும் மறையும். இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

தொகுதிப் பெயர்களும் இவ்வாறே மறைகின்றன. சாவி கொத்து, மணி கோவை, பூ சரம், வாழை தாறும் சீப்பும், வைக்கோல் கட்டு, ஆன் நிரை, ஆடு மந்தை, பானை அடுக்கு, உழவுமாடு ஏர். இட்டிலிக்கு ஓர் அழகிய சொல் உண்டு. ஒரே முறையில் வேகவைத்து எடுப்பதை ‘ஓர் ஈடு’ என்பர் தாய்மார். ‘ஈரீடு ஊற்றினால் வீட்டுக்குப் போதும்’ என்பது அடுக்களை வழக்கு. இடுதலினின்று பிறந்த தூய சொல் அது. இன்று அதுவும் ‘செட்’ என்றாகி வருகின்றது.

இன்னுமொரு கொடுமையும் உண்டு. செட்டு என்னும் ஒலிவடிவிலேயே தமிழில் தனிச்சொல் ஒன்று உளது. அதன் பொருள் சிக்கனம். ‘கட்டுஞ் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்று ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் பாராட்டுவர். வரவறிந்து செலவிடும் பண்பைக் குறித்த அச்சொல்லை இன்றைய இளைஞரிடம் சொன்னால், தோசையையும் ஒலிபெருக்கியையும் நினைக்கின்றனர். விருந்தாக வந்தவன் வீட்டுக்காரனின் பெயரையே வைத்துக்கொண்டான். வீட்டுக்காரன் பெயரிழந்து நிற்கின்றான்.

இயலாதோ?

‘இத்துணைப் பரவிய சொல்லை அகற்ற இயலுமா? புதுமைக் கருத்துகளுக்குத் தமிழில் சொல் கிடைக்குமா?’ என்று சிலர் வினவலாம். அவர்க்குக் கணக்கியலே விடை கூறும். கியோர்கு காண்டர் என்னும் செருமானியக் கணக்கியலறிஞர் 1874 முதல் ஒரு புதுக்கோட்பாட்டை உருவாக்கினார். அதற்குத் தம் தாய்மொழியில் பன்மையைக் குறிக்கும் ‘மெங்கெ’ என்னும் சொல்லை ஆண்டார். பிரெஞ்சு மக்கள் அச்சொல்லைக் கடன் கொள்ளவில்லை. ‘ஒருங்கே’ எனப் பொருள்படும் தம் சொல்லை ஆண்டனர். ஆங்கிலேயர் தம் ‘செட்’டை ஆண்டனர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்றன. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் ‘தொடை’ என்றன. பூக்களைத் தொடுத்தது தொடை; உறுப்புகளைத் தொடுத்ததும் தொடை. எத்துணைப் பொருத்தம்! மேனிலைக் கணக்கியலுக்கே தமிழில் சொல் உண்டென்றால், தோசைக்கும் பூச்சுக்குமா இல்லாமற் போகும்?

எனவே செய்யவேண்டியவை பெரியனவல்ல. மைக்செட்டு என்பதை ஒலிபெருக்கி எனலாம். இச்சொல் ஏற்கெனவே நாடறிந்தது. பேண்டுசெட்டு இசைக்குழு. பம்புசெட்டு நீரிறைக்கும் பொறி. திரைப்படச் செட்டு படப்பிடிப்பு அரங்கு. செட் தோசையை இணைத்தோசை எனலாம். ‘செட் பண்ணு’ என்று நாவில் வரும்போது, செய்யும் செயல் யாதென ஒருகணம் எண்ணினால் போதும். வை, பொருத்து, திருத்து, அமை, நிறுவு, வரை என்று உரிய சொல் தானே வந்து நிற்கும். அச்சகத்தார், கொத்தனார், தச்சர், பொற்கொல்லர், உழவர், அடுக்களைத் தாய்மார் ஆகியோரிடம் இன்னும் வழங்கும் தொழிற்சொற்களைப் புலவர்களும் மாணவர்களும் ஊர்தோறும் சென்று தொகுக்கவேண்டும். ஆக்சுபோர்டு அகரமுதலிக்காகப் பொதுமக்கள் பல்லாயிரவர் எடுத்துக்காட்டுகளைத் தாளில் எழுதி அனுப்பினர். ஊதியம் கருதாது அவர்கள் செய்த பணியாலேதான் ஒரு சிறு சொல்லின் 430 பொருளும் உலகுக்குத் தெரியவந்தன.

ஆங்கிலேயனிடம் கடன் கொள்ளத்தக்கது ‘செட்’ என்னும் சொல்லன்று; தன் மொழியின் ஒவ்வொரு சிறுசொல்லையும் பொன்போற் போற்றித் தொகுத்த அந்த உழைப்பே. அதனைத் தமிழர் மேற்கொள்வாராக! ஈடும் கொத்தும் நிரையும் தொடையும், உறைதலும் இறுகுதலும், கட்டும் செட்டும் தமிழ் வீடுகளில் மீண்டும் ஒலிப்பனவாக!

வாழ்க தமிழ்!